அன்னத்தின் ஏழாவது சீசன்

அவளுக்கு அன்னம் என்று பெயர் வைத்தது சமையற்கட்டு ஆட்கள். விருந்தினர் அறைகளில் கட்டில்மேல் குளியல் துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைப்பது எங்கள் விடுதியில் வழக்கம். மற்றவர்கள் மடித்தால் அது வாத்துக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக வரும். அவள் மடித்தால் கழுத்து நிமிர்ந்து நிற்கும். சாப்பாட்டு அறைக்குள் அவள் தட்டோடு நுழைந்தால், "அன்னம் வந்தாச்சு, இனி தொட்டுக்க ஏதாவது இருந்தா போதும்" என்று பரிமாறுகிறவன் தினமும் சொல்வான். தினமும் அதே ஜோக். அவளும் தினமும் சிரிப்பாள்.

நான் சலவைப் பிரிவில் இஸ்திரி போட்டவள். என்னை இஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். மூன்று சீசன்கள் அவளும் நானும் ஒரே அறை. அவள் கீழ்க்கட்டில், நான் மேல்கட்டில். அவளைப் பற்றிப் பேச எனக்கு வாய் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் யாராவது சொல்லியாக வேண்டும்.

எங்கள் விடுதி ஏரிக்கரையில் இருந்தது. வருடத்தில் நாலு மாதம் திறந்திருக்கும், மழை தொடங்கினால் பூட்டிவிடுவார்கள். அவள் பத்தொன்பது வயதில், ஒரே ஒரு சீசன் என்று சொல்லிக்கொண்டு வந்தவள். அப்பா இல்லை. அம்மாவுக்குத் தையல் வேலை, தங்கை பள்ளிக்கூடம். இவளுக்கு நர்ஸ் படிக்க ஆசை. ஆனால் கல்லூரியில் ஆள் சேர்ப்பது முடிந்து பத்து நாள் கழித்துத்தான் விடுதி மூடும். இடையில் விட்டுவிட்டுப் போனால் அனுபவச் சான்றிதழ் கிடையாது, பிடித்து வைத்த சம்பளமும் கிடையாது. ஒவ்வொரு வருடமும் அந்தப் பத்து நாள் அவளைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வருடம் பார்க்கலாம், அதற்கடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஆறு சீசன் ஓடிவிட்டது. அந்தப் படிப்புக்கு இருபத்தைந்து வயதுக்குமேல் எடுக்கமாட்டார்கள்.

சீசன் வாழ்க்கையை வெளியிலிருந்து பார்த்தால் கொண்டாட்டமாகத்தான் தெரியும். இருபதும் இருபத்திரண்டுமாக எண்பது பேர், வீட்டார் கண் படாத இடம், எதிரே ஏரி. உண்மையில் ஏரி எங்களுக்குத் திங்கட்கிழமை மதியம் மட்டும்தான். அதுவும் படகுக் கொட்டகைக்குப் பின்னால், விருந்தினர் கண்ணில் படாத முப்பதடிக் கரை. அங்கே உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி முடி வெட்டிவிடுவோம், சீட்டாடுவோம், விருந்தில் மிஞ்சிய கேக்கை வைத்து யாருக்காவது பிறந்தநாள் பாட்டுப் பாடுவோம். யாருக்குப் பிறந்தநாள் என்பதே சில சமயம் எப்போது கேக் மிஞ்சியது என்பதைப் பொறுத்தது. உயிரையே கொடுக்கிற மாதிரிப் பழகுவோம். மழை வந்ததும் ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிப் போய்விடுவோம். அடுத்த சீசனில் பாதிப் பேர் புதியவர்கள். மறுபடியும் எந்த ஊர், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், மேல்கட்டிலா கீழ்க்கட்டிலா என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காதலும் அப்படித்தான். சீசன் ஜோடி என்று அதற்குப் பெயரே இருந்தது. "அப்புறம்?" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

அன்னமும் படகும் அந்த ரகம் இல்லை என்று நாங்கள் நினைத்தோம். படகு என்றால் துடுப்புப் படகுகளை விருந்தினருக்கு எடுத்துவிடுகிறவன், குழந்தைகளுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிடுகிறவன். கலகலப்பான ஆள். கெட்டவன் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். மூன்று சீசன் அவர்கள் சேர்ந்தே இருந்தார்கள். "அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரேன்" என்று என் முன்னாலேயே அவளிடம் சொல்லியிருக்கிறான்.

ஆறாவது சீசனின் கடைசியில் அவள் அவனிடம், "இந்தத் தடவை எப்படியும் சேர்ந்துடுவேன், இனிமே இங்க வரமாட்டேன், வீட்டுக்கு வந்து பாரு" என்றாள். கல்லூரிக்குப் போய்வர இரண்டு நாள் லீவு தருவதாக அலுவலகத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். காற்றுக் காலம் வருவதால் படகுகளை முன்னதாகவே கரையேற்றிவிடுவார்கள். அவன் ஊருக்குப் போய்விட்டான். அவன் போன மறுவாரம் ஒரு கம்பெனிக் கூட்டம் விடுதி முழுவதையும் எடுத்துக்கொண்டது. எல்லோருடைய லீவும் ரத்து. அவள் அன்றைக்கு அழவில்லை. பதினாலு அறையையும் முடித்துவிட்டு வந்து, விண்ணப்பத் தாளை நாலாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஊருக்குப் போன பிறகு அவன் போனில் கேட்டபோது, "சேர்ந்துட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு நான் கேட்டேன். "எத்தனை தடவைதான் இல்லைன்னு சொல்றது? நேர்ல பாக்கும்போது சொல்லிக்கலாம்னு விட்டேன்" என்றாள். ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். படிப்புக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைக்கிறான் போலிருக்கிறது என்று அவளே அதற்குச் சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டாள்.

ஏழாவது சீசன் தொடங்கிய அன்று நானும் அவளும் முன் பஸ்ஸில் வந்து இறங்கி, வாசலில் பெட்டிகளோடு நின்றிருந்தோம். அடுத்த பஸ்ஸில் படகு இறங்கினான். அவளைப் பார்த்ததும் அவன் கால் படியிலேயே நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள், "இறங்குப்பா" என்று சத்தம் போட்டார்கள்.

"நீ காலேஜ்ல..." என்றான்.

"சேரல."

"சேர்ந்துட்டேன்னு சொன்னியே."

"ஆமா, சொன்னேன்."

அவனுக்குப் பின்னால் ஒரு பெண் இறங்கினாள். இருபது வயது இருக்கும். தன் உயரத்துக்குப் பாதி இருந்த பையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "இவரோட வேலை பாக்கறவங்களா? நான் அவரு வீட்டுக்காரிங்க. கல்யாணமாகி ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள்.

அன்னம்தான் முதலில் அசைந்தாள். "பை கனமா இருக்கு போல, குடு" என்று ஒரு கைப்பிடியை வாங்கிக்கொண்டாள்.

விடுதியில் தம்பதிகளுக்குத் தனி இடம் கிடையாது. ஆண்கள் ஒரு கட்டடம், பெண்கள் ஒரு கட்டடம். எங்கள் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. அங்கே அந்தப் பெண்ணைப் போட்டார்கள். அறைப் பராமரிப்பில் மேற்பார்வை பார்த்த அம்மாளை முகத்துக்கு நேரே மேடம் என்போம், முதுகுக்குப் பின்னால் பெரியம்மா என்போம். அந்தப் பெரியம்மா பட்டியலைப் பார்த்து, "புதுசு, நீ அன்னத்தோட போ. ரெண்டு வாரத்துல வேலையைக் கத்துக்கணும்" என்றார். அன்றிலிருந்து அவளுக்குப் புதுசு என்பதே பெயராகிவிட்டது.

நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தோம். அதுதான் உண்மை. எண்பது பேருக்கும் விஷயம் தெரியும், புதுசுக்கு மட்டும் தெரியாது. சாப்பாட்டு அறையில் அவள் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். அவளோ புது இடத்தில் எல்லோரும் அமைதியானவர்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்னம் அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். தேய்த்த விரிப்புகளை மாடிக்குக் கொண்டுபோகும்போது அறைக்கதவு திறந்தே இருக்கும்.

"முதல்ல பாத்ரூமை முடி. அப்புறம் முடியைப் பாரு."

"எந்த முடிக்கா?"

"வடிகால்ல சிக்கியிருக்கிற முடி. கண்ணால பாத்தா தெரியாது, விரலால தடவிப் பாரு. ஒரு முடி இருந்தாலும் விருந்தாளி போன் பண்ணிடுவான்."

கட்டிலுக்கு வந்தால், "ஓரத்தை இழுக்காதே, மூலையை இழு. முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கு. முதுகு போச்சுன்னா இங்க வேற முதுகு தரமாட்டாங்க" என்பாள். புதுசு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒருநாள் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே புதுசு கேட்டாள். "அக்கா, நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கீங்க. அவரு இங்க எப்படி? யார்கூடயாவது சுத்துவாரா?"

நான் கதவருகே விரிப்புகளோடு நின்றுவிட்டேன். அன்னம் கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள்.

"படகுலதான் சுத்துவாரு" என்றாள்.

முதல் திங்கட்கிழமை மதியம் அன்னம் படகுக் கொட்டகைக்குப் போனாள். என்னையும் கூட வரச்சொன்னாள், தனியாகப் போனால் பேச்சு கிளம்பும் என்று. படகு ஒரு துடுப்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தான். தலை நிமிரவே இல்லை.

"வீட்டில பாத்து முடிச்சிட்டாங்க" என்றான். "நீ படிக்கப் போயிட்டே. படிச்சு முடிச்சு நர்ஸா வந்தா என்னைத் திரும்பிப் பாப்பியான்னு தோணிச்சு. நீ வரமாட்டேன்னு நெனச்சுத்தான் அவளுக்கும் இங்கயே எழுதிப் போட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருக்கணும்."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாதே. பாவம், ஒண்ணும் தெரியாத பொண்ணு" என்றாள். அவ்வளவுதான். மூன்று வருடப் பழக்கம் அந்த ஐந்து நிமிடத்தில் முடிந்தது. திரும்பி வரும்போது முடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவள் வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். வெளியே புதுசு வாளியோடு காத்திருந்தாள். "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று என்னிடம் கேட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன்.

ஏழெட்டு வாரம் போனது. ஒரு காலையில் புதுசு குப்பைக் கூடையைக் கையில் எடுத்தவள் அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். அன்னம் கதவைச் சாத்தினாள். வெளியே விரிப்புகளோடு நின்ற என் காதில் எல்லாம் விழுந்தது. புதுசுக்கு அப்போது மூன்றாவது மாதம்.

"மேடத்துக்குத் தெரிஞ்சா அனுப்பிடுவாங்கக்கா" என்று புதுசு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விடுதி விதி அதுதான், யாருக்கும் விலக்கு இல்லை. "அங்க போனா அத்தைகூட நான் மட்டும்தான். அவரு இல்லாம அந்த வீட்டில என்னால இருக்க முடியாது. ரெண்டு மாசம் எப்படியாவது ஓட்டிட்டா சீசனே முடிஞ்சிடும். உங்களைத் தவிர வேற யாருகிட்டயும் சொல்லலக்கா."

மறுநாள் படகும் வந்தான். சலவைக் கொட்டகைக்கு வெளியே, நான் உள்ளே இருப்பது தெரியாமல் பேசினான். "உன்கிட்ட கேக்க எனக்கு வாயே இல்ல. ஆனா வேற யாருகிட்ட கேப்பேன்? நீ மட்டும் கொஞ்சம் பாத்துக்க."

அவள் என்ன முகத்தோடு கேட்டாளோ, எனக்குத் தெரியவில்லை. "போ. பாத்துக்கறேன்" என்ற குரல் மட்டும் கேட்டது.

பார்த்துக்கொண்டாள். தலைக்குப் பதினாலு அறை. தன் பதினாலை முடித்துவிட்டுப் புதுசின் பங்கில் ஆறேழு அறையும் செய்தாள். மெத்தை தூக்குவது, ஈரத்துணி மூட்டையை இறக்குவது, கண்ணாடிக் கதவு தேய்ப்பது எல்லாம் அவள். புதுசு உட்கார்ந்தபடி துண்டு மடிப்பாள், சோப்பு எண்ணி வைப்பாள். பதினொன்றுக்கு விருந்தினர் காலி செய்து, இரண்டு மணிக்கு அடுத்தவர் வருவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். அன்னம் மதியச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பரிமாறுகிறவனின் ஜோக்குக்கு ஆள் இல்லாமல் போனது. உள்ளங்கை தோல் உரிந்து, பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஒருநாள் நான் பொறுக்காமல் கேட்டேன். "உனக்கு என்ன தலையெழுத்து இது? அவன் பிள்ளைக்கு நீ ஏன் மூட்டை தூக்கணும்?"

"அவன் பிள்ளைன்னு நெனச்சா தூக்க முடியாது" என்றாள். "அவ பிள்ளைன்னு நெனச்சுத் தூக்கறேன்."

ஐந்து வாரம் அப்படி ஓடியது. ஒரு வியாழக்கிழமை காலை பெரியம்மா அன்னத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி, உள்ளே இருப்பவர்கள் தெரிவார்கள், பேசுவது கேட்காது. வரிசையாகத் துப்புரவு வண்டிகளை நிறுத்திவிட்டு மற்றவர்கள் சாவிக்குக் காத்திருந்தார்கள், நான் தேய்த்த விரிப்புகளோடு நின்றிருந்தேன். பெரியம்மா ஏதோ கேட்டார். அன்னம் தலையை ஆட்டினாள். மறுபடி ஏதோ கேட்டார். அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் இருக்கும். வெளியே வந்தவள் எங்கள் யாரையும் பார்க்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அடுத்து புதுசைக் கூப்பிட்டார்கள். அவள் அழுதுகொண்டே வந்தாள். மறுநாள் மதிய பஸ்ஸில் ஊருக்குப் போக வேண்டும் என்று உத்தரவு.

இரண்டும் இரண்டும் நாலு என்று எல்லோரும் கூட்டிக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் புதுசு கட்டிலில் உட்கார்ந்து துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். அன்னம் அறைக்குள் வந்ததும் எழுந்து நின்றாள்.

"உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்" என்றாள்.

"நான் சொல்லலம்மா."

"பின்ன எப்படித் தெரிஞ்சுதுக்கா?"

வாசலில் காய்கறி வெட்டுகிறவள் நின்றிருந்தாள். நல்ல மனசுக்காரிதான், வாய்தான் நிற்காது. "அவ ஏன் சொல்லமாட்டா? மூணு வருஷமா உன் புருஷன்கூட இருந்தவ" என்றாள். "இத்தனை நாளா உனக்குத்தான் தெரியாது. ஊருக்கே தெரியும்."

புதுசு அன்னத்தைப் பார்த்தாள். அன்னம் மறுக்கவில்லை. புதுசு உட்கார்ந்து, பையைத் திறந்து, வேலை கற்றுக்கொண்ட நாட்களில் அன்னம் தனக்குக் கொடுத்திருந்த ரப்பர் கையுறைகளை எடுத்துத் தரையில் வைத்தாள். எறியக்கூட இல்லை, மெதுவாகத்தான் வைத்தாள்.

படகு மறுநாள் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, சாப்பாட்டு அறையில் அன்னத்தின் முன்னால் நின்றான். "இப்ப நிம்மதியா?" என்றான். உரக்கக்கூடச் சொல்லவில்லை.

அன்று மாலை, அவள் என் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீயாவது நம்பறியா?" என்று கேட்டாள்.

கொட்டகைக்கு அவளோடு போனவள் நான். அவள் மூட்டை தூக்கியதைப் பார்த்தவள். என்றாலும் எனக்குள்ளும் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. எத்தனை நாள்தான் ஒருத்தி பொறுப்பாள், களைத்துப்போய் ஒரு வார்த்தை விட்டிருப்பாள் என்று தோன்றியது. "போனது போகட்டும், விடு" என்றேன்.

அவள் சட்டத்திலிருந்து கையை எடுத்தாள். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை.

சீசன் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. சாப்பாட்டு அறையில் அவள் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. திங்கட்கிழமைகளில் அவள் கரைக்கு வரவில்லை. நான் இரண்டாவது வாரமே, ஜன்னல் பக்கம் காற்று வரும் என்று சாக்குச் சொல்லி வேறு அறைக்கு மாறிக்கொண்டேன். கடைசி நாளில் அடுத்த வருடத்துக்கான தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அவள் வரிசையில் நிற்கவில்லை. சான்றிதழை வாங்கிக்கொண்டு காலை பஸ்ஸில் போய்விட்டாள். வழியனுப்ப யாரும் போகவில்லை. நான் அப்போது கடைசி மூட்டைத் திரைச்சீலைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பஸ் புறப்படும் சத்தம் கேட்டது.

அடுத்த சீசனில் படகு தனியாக வந்தான். போனில் குழந்தையின் படத்தை எல்லோருக்கும் காட்டினான். கொழுகொழுவென்ற ஆண்குழந்தை. புதுசு அம்மா வீட்டில் நன்றாக இருப்பதாகச் சொன்னான். ஊருக்கு அனுப்பியதும் ஒரு வகையில் நல்லதுக்குத்தான் என்றான், கடைசி மாதங்களில் படுத்தே இருக்கவேண்டியிருந்ததாம். எல்லோரும் அவனிடம் கேக் கேட்டார்கள். யாரும் அன்னத்தின் பேச்சை எடுக்கவில்லை.

அதற்கும் அடுத்த வருடம் என்னைப் பெரியம்மாவுக்கு உதவியாளாகப் போட்டார்கள். கண்ணாடி அறையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி. ஒருநாள் ஒரு புதுப்பெண் அறைகளை முடிக்கத் திணறுகிறாள் என்று பேச்சு வந்தபோது, பெரியம்மா தானாகவே ஆரம்பித்தார்.

"அந்த அன்னம் மாதிரி ஒருத்தி இனிமே கிடைக்கமாட்டா. இருபத்தோரு ரூம் செஞ்சா. ஏன் செய்யறேன்னு கேட்டேன். 'அவளுக்கு இன்னும் பழகல மேடம்'னு சொன்னா. எத்தனை மாசம்னு கேட்டேன். 'எனக்குத் தெரியாது மேடம்'னு மேசையையே பாத்துக்கிட்டிருந்தா. கடைசி வரைக்கும் வாயைத் திறக்கல."

"அப்ப உங்களுக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? நான் மூணு பெத்தவ. அந்தப் பொண்ணு படியேறின லட்சணத்துலயே தெரிஞ்சுது."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம். அவதான் சொன்னான்னு எல்லாரும் அவளை ஒதுக்கி வச்சாங்க."

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. "என்கிட்ட யாரும் கேக்கலையே" என்றார்.

மத்தியானம் நான் சலவைக் கொட்டகைக்குப் பின்னால் போய் அவள் எண்ணுக்குப் போட்டேன். தங்கைதான் எடுத்தாள். அந்தப் போன் இப்போது வீட்டில் இருக்கிறதாம்.

"அக்கா கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல்ல இருக்கா" என்றாள். "அவளாத்தான் கூப்பிடுவா, எப்பவாவது. என்ன சொல்லணும்?"

"அவ சொல்லலைன்னு எங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு சொல்லும்மா."

"என்ன சொல்லல?"

வீட்டில் அவள் எதுவுமே பேசவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. "இஸ்திரி பேசினான்னு சொல்லு. ஒரு தடவை என்னைக் கூப்பிடச் சொல்லு" என்றேன்.

"சரிக்கா" என்றாள். கூடவே, "அவ கூப்பிடுவாளான்னு தெரியல. பழைய இடத்து ஆளுங்க யாரு பேசினாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருக்கா" என்றாள்.

அந்த சீசன் முடியும்வரை காத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. மழைக்காலத்தில் ஊரிலிருந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.